எதைப் பல்வகைப்படுத்துவது?

கட்டுக்கரைக் குளத்தை அண்டிய கிராமமொன்றில், இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்காக நடந்த கூட்டமொன்றில் நாமும் இருந்தோம். வாழ்வாதாரத் திட்டத்தை விளக்க வந்த இளைஞர் அரை மணித்தியாலத்துக்குள் ‘டைவர்சிபை’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பல தடவைகள் சொல்லிவிட்டார். நெல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், டைவர்சிபை பண்ணுங்கள் என்றார். பின்வரிசையிலிருந்த தாயொருவர் எழுந்து, “எதைத் தம்பி?” என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. அந்தத் தாய் பகிடிக்குக் கேட்கவில்லை. அவருடைய வயல் இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வி இலக்கணப்படியும் சரியானது. பலவாக்கு என்றால் எதைப் பலவாக்குவது என்ற செயப்படுபொருள் வேண்டும். ஒன்றாவது கையில் இருந்தால்தான் அதைப் பலவாக்கலாம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இதன் வேர் இலத்தீன் மொழியில் ‘திருப்பு’ என்று பொருள்படும் வினை. வெவ்வேறு பக்கமாகத் திரும்பியிருப்பது என்பதே அடிக் கருத்து. ஆற்றைத் திசைதிருப்புவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அருவியாற்று நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக்குத் திருப்பப்படுவதைக் கண்டு வளர்ந்த எமக்கு இக்கருத்து புதிதல்ல. தமிழில் ‘பல்வகைப்படுத்தல்’ என்கிறார்கள். சிலர் ‘பன்முகப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. எமது நாட்டுக் காரியாலயங்களில் ‘பன்முகப்படுத்தப்பட்ட நிதி’ என்பது பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக ஊருக்கு வரும் காசு. ஆகவே ‘வாழ்வாதாரத்தைப் பன்முகப்படுத்துங்கள்’ என்று கடிதம் வந்தால், எம்.பி.யின் காசு வரப்போகிறதென்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினைக்கு இரண்டு வால்கள் உண்டு. ‘இன்டு’ என்ற வால் சேர்ந்தால், உள்ளதை வைத்துக்கொண்டு புதியதொன்றிலும் இறங்குதல். ‘அவே புறொம்’ என்ற வால் சேர்ந்தால், உள்ளதிலிருந்து விலகிப் போதல். எமது மக்கள் முதலாவது பொருளில் கேட்கிறார்கள். திட்டம் வகுப்போர் பல வேளைகளில் இரண்டாவது பொருளில் பேசுகிறார்கள். வயல் கிடைக்காது, அதனால் தையல் இயந்திரம் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல், பல்வகைப்படுத்துகிறோம் என்கிறார்கள்.

உள்ளதை வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இந்தச் சொல் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு எமது கரையிலேயே சான்று உண்டு. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றிச் சில பத்தாண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தது. நொடித்துப்போன துரைமார் பலர். தாக்குப்பிடித்தவர்கள் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறினார்கள். காணி அவர்கள் கையில் இருந்தது. ஆனால் மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்த தொழிலாளர் எதைப் பல்வகைப்படுத்தினார்கள்? கோப்பிப் பழம் பறித்த கை கொழுந்து கிள்ளியது. காணி அவர்களுடையதாகவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எமது முஸ்லிம் சகோதரரில் பலர் புத்தளம் பகுதிக்குப் போனார்கள். சொந்த வயல் செய்தவர்கள் அங்கே பிறருடைய தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றார்கள். மடுவிலும் மண்டபத்திலும் முகாமிலிருந்த தமிழ்க் குடும்பங்களும் மேசன் வேலை, விறகு, மீன் காயவைத்தல் என்று கிடைத்ததைச் செய்தன. அறிக்கை எழுதுபவருக்கு இதுவும் பல தொழில்தான். 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்து மக்களுக்குக் கடற்படை 100 ஏக்கரை விடுவதாக அறிவித்தது 2017 ஏப்ரலில். இடையே கழிந்த ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் எத்தனை போகம் தவறிப்போயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்னதால், நெல்லைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒரே பயிரை நம்பியவர் படும் பாட்டை 2021இல் கண்டோம். அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நாடெங்கும் விளைச்சல் விழுந்தது. பல பயிர் செய்வது நல்லது. ஆனால் மண்ணைக் கேட்டுச் செய்ய வேண்டும். முருங்கன் பகுதியின் கருங்களி மண் மழைக்கு ஒட்டிப் பிடிக்கும், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மாரியில் அங்கே நீர் நிற்கும். மிளகாயை நட்டால் வேர் அழுகும். மாரியில் எம்மவர் நெல்லையே விதைப்பது சோம்பலினால் அல்ல. அறுவடைக்குப் பின் எஞ்சும் ஈரத்தில் உழுந்து, பயறு, எள்ளு போடலாம். குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் நெல்லுக்கு விடும் நீரைவிட மிகக் குறைந்த நீரில் இவை விளையும். அதே நீரில் கூடுதலான குடும்பங்கள் பயன்பெறலாம்.

சந்தையையும் கேட்க வேண்டும். 1970களின் முற்பாதியில் அன்றைய அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வடபகுதித் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. பல பயிர் செய்யுமாறு சொல்பவர், விலைக்கு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது இந்தச் சொல்லோடு உங்கள் ஊருக்கு வந்தால் அந்தத் தாயைப் போலவே கேளுங்கள். எதை என்று கேளுங்கள். இது வயலோடு கூட வருவதா, வயலுக்குப் பதிலாக வருவதா என்று கேளுங்கள். பதிலாக என்றால், அதை அப்படியே கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் காணிக் கோரிக்கையை ஆட்டுக்குட்டிக்காக எவரும் கைவிட்டதாகப் பதிவாகக் கூடாது. கூட வருவதென்றால், விதை எப்போது வரும் என்று கேளுங்கள். காலபோக அறுவடை முடிந்து வயலில் ஈரம் நிற்பது சில நாட்கள்தான். மாசியில் தேவைப்படும் உழுந்து விதை, கணக்கு முடித்துச் சித்திரையில் வந்து சேர்ந்தால் அதை வடைக்குத்தான் ஊறப்போடலாம்.