குரைத்த நாயும் கோபித்த நாமும்

எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பது நம் முன்னோர் மொழி. அதனைப் பிறருக்கு எத்தனையோ முறை எடுத்துக் கூறியிருக்கின்றோம். ஆயினும், எமது வீட்டு மேசையிலேயே அதற்கொரு சோதனை வந்தபோது நாமே அதனை மறந்தோம்.

எமது இல்லத்திலே பழைய கணினி ஒன்று உண்டு. குடும்பப் புகைப்படங்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், காலஞ்சென்ற எமது தாயாரின் குரற்பதிவுகள் யாவும் அதிலேயே இருக்கின்றன. மற்றைய அறைகளிலுள்ள கணினிகள் வடத்தின் வழியாக அவற்றைக் கேட்டுப் பெறும். அதிலே பிரீ-பிஎஸ்டி என்னும் பணிசெயல் முறைமையை நிறுவித் தந்தவன் எமது தமக்கையாரின் மகன். உயர்தர வகுப்பு மாணவன். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே பிறந்த யுனிக்ஸின் வழித்தோன்றல் அது. கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலே வளர்ந்த கிளையிலிருந்து 1993இல் வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பது, மாதக்கணக்கில் ஓயாது உழைக்க வல்லது.

அத்தகைய முறைமை ஒருநாள் தடுமாறியது. சிறு கடிதங்கள் தடையின்றிச் சென்றன. பெரிய படத்தொகுதியை அனுப்பினாலோ பாதிவழியில் நின்றுவிட்டது. ‘காவல்நாய் நேரம் கடந்தது, அட்டையை மீட்டமைக்கின்றேன்’ என்னும் பொருளுடைய ஆங்கில வரியொன்று திரையிலே மீண்டும் மீண்டும் தோன்றிற்று.

“இலவசமாக வந்ததை நம்பியது எமது தவறு. உன் விளையாட்டுக்கு அம்மாவின் குரல்தானா கிடைத்தது?” என்று மருமகனைக் கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. எல்லாவற்றையும் வேறொரு வட்டிலே பிரதி செய்து வைத்துவிட்டு, இரண்டு இரவுகள் விழித்திருந்து முறைமையை முற்றாகப் புதிதாய் நிறுவினான். மூன்றாம் நாளும் அதே வரி தோன்றியது. நாம் அவனுடன் பேசுவதையே நிறுத்திக்கொண்டோம்.

நான்காம் நாள் அவனே வந்தான். “மாமா, நாய் குரைப்பது கள்ளனைக் கண்டதனாலே. நாங்கள் கள்ளனைத் தேடாமல் நாயை அல்லவா அடித்துக்கொண்டிருக்கிறோம்?” என்றான். அதன் பின்னரே அந்த வரி உண்மையில் என்ன சொல்கின்றதென்று கேட்டறிந்தோம்.

கணினிக்கும் வலையமைப்பு அட்டைக்கும் இடையே நின்று வேலை வாங்கும் மென்பொருளைச் செலுத்தி என்பர். செய்தியைப் பொதிகளாக அட்டையிடம் ஒப்படைக்கும்போதே, செலுத்தி ஒரு கடிகாரத்தையும் முடுக்கிவிடுகின்றது. அட்டை பொதியை அனுப்பி முடித்ததும், ‘வேலை முடிந்தது’ என்று ஒரு குறுக்கீட்டுச் சைகையை எழுப்ப வேண்டும். சைகை வந்தால் கடிகாரம் நிறுத்தப்படும். பெரும்பாலும் 5 செக்கன் வரையில் அது வராவிடின், காவல்நாய் குரைக்கும். செலுத்தி அட்டையை மீட்டமைக்கும்.

5 செக்கன் எமக்குச் சிறிது. அட்டைக்கோ அது ஒரு யுகம். செக்கனுக்கு 100 மெகாபிற்று அனுப்பும் அட்டை, 1500 பைற்றுப் பொதிகளை ஒரு செக்கனில் எண்ணாயிரத்துக்கு மேல் அனுப்பவல்லது. ஆகவே நாய் அவசரப்பட்டுக் குரைக்கவில்லை. ஆனால் அது கள்ளனின் பெயரைச் சொல்வதுமில்லை. அட்டை அனுப்பாமலே இருந்திருக்கலாம். அனுப்பியும் சைகை வழியிலே தொலைந்திருக்கலாம். சைகை வந்தும் செலுத்தி அதனைத் தவறவிட்டிருக்கலாம். மூன்றிற்கும் திரையிலே தோன்றுவது ஒரே வரிதான்.

அன்று மாலை இருவரும் தேடலைத் தொடங்கினோம். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்வதென்பது மருமகன் விதித்த விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், நோய் தீர்ந்தாலும் தீர்த்த மருந்து எதுவெனத் தெரியாதன்றோ?

முதலில் வடத்தை மாற்றினோம், பயனில்லை. அடுத்து, வடங்கள் கூடும் ஆளியிலே வேறு வாயிலில் இணைத்தோம். ஆளி ‘பொறு’ என்று சைகை காட்டிக்கொண்டேயிருந்தாலும் அட்டை அனுப்பாது நிற்குமாம். அதிலும் பிழையில்லை. பின்னர் அட்டையைக் கழற்றி, அதே முறைமையுள்ள மற்றொரு கணினியிலே பொருத்தினோம். இரவு முழுவதும் பெரிய தொகுதிகளை அனுப்பியும் ஒரு குரைப்பும் எழவில்லை. அட்டையும் செலுத்தியும் குற்றமற்றவை என்பது வெளிப்பட்டது. மருமகனும் குற்றமற்றவனே என்பதை அக்கணமே உணர்ந்தோம். ஆயினும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அட்டையைப் பழைய இடத்திலே பொருத்தி, குறுக்கீடுகளின் எண்ணிக்கையைக் காட்டும் ‘விஎம்ஸ்டாட்’ என்னும் ஆணையைக் கொடுத்தான். செய்தி நின்றுபோன வேளையில் அட்டைக்குரிய எண்ணிக்கையும் ஏறாது நின்றது. அதே குறுக்கீட்டுக் கோட்டிலே யூஎஸ்பிக் கருவியின் பெயரும் இருந்தது. ஒரு கோட்டை இருவர் பகிர்வது விதிக்கு முரணன்று. ஆயினும் பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றிலே அந்தப் பங்கீடு சீராக அமைவதில்லை. அட்டையை அடுத்த செருகுவாய்க்கு மாற்றினோம். கோட்டின் எண் மாறியது. முழுப் படத்தொகுதியும் ஒருமுறையேனும் நிற்காமற் சென்று சேர்ந்தது.

எல்லா இல்லங்களிலும் கள்ளன் இதே மூலையில் ஒளிந்திருப்பான் என்று கொள்ளற்க. புதிய அட்டைகளிலே மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடோ, பொதிகளைப் பிரிக்கும் வேலையை அட்டையிடமே விடும் வசதியோ காரணமாகலாம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தல் வேண்டும். லினக்ஸ் முறைமையிலும் இத்தகைய காவல்நாய் உண்டு; தேடும் வழியும் இதுவே. முழுவதையும் அழித்துப் புதிதாய் நிறுவுவது இறுதி மருந்து. பிரதி எடுத்து வைக்காமல் அதனைத் தொடுவோர், தீராத இழப்புக்கு ஆளாகக்கூடும்.

வேலை முடிந்த பின், “தம்பி, பிழை எம்முடையது” என்றோம். அவன் சற்றுநேரம் தலைகுனிந்து நின்றான். பின்பு, “அம்மம்மாவின் குரலைப் போடட்டுமா, மாமா?” என்று கேட்டான். மறு அறையிலிருந்த கணினி வழியாக இருவரும் அதனை இறுதிவரை கேட்டோம். நாய் குரைக்கவேயில்லை.