செய்தியை மனப்பாடம் செய்தால் அதிகாரி ஆகிவிடலாமா?

மலேசிய அரசாங்க வேலைக்கு, அதாவது பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. நடத்தும் தேர்வுக்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு நம் வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு. "நாட்டு நடப்பை தினமும் குறித்து வை, நெட்டுருப் போடு, எஸ்.பி.ஏ. தேர்வில் பாஸாகிவிடலாம்." ஈப்போவின் சிலிபினில் கேட்டாலும் இதுதான், பக்கத்தில் புந்தோங்கில் கேட்டாலும் ஜெலாப்பாங்கில் கேட்டாலும் இதுதான். டியூஷன் ஆசிரியர் சொல்கிறார், கோயில் கமிட்டிக்காரர் சொல்கிறார், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவும் சொல்கிறார். இதற்கென்றே வாட்ஸ்அப் குழுக்கள் நடக்கின்றன. விடிந்ததும் பிள்ளையின் கைப்பேசியில் முப்பது, நாற்பது ஒற்றை வரிச் செய்திகள் வந்து விழுகின்றன. யார் எந்தப் பதவிக்கு வந்தார், எந்த மாநாடு எங்கே நடந்தது, எந்த விருது யாருக்குக் கிடைத்தது என்று.

சொல்கிறவர்களின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறிவுரை தவறு. இதை நம்பிக் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பொழுதைத் தொலைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாததால்தான் எழுதுகிறேன்.

"பேப்பரில் வருவதைத்தான் கேட்பார்கள்" என்பது முதல் வாதம். பி.டி.டி. எனப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவிக்கான தேர்வை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு அரசாங்க வேலையில் பிள்ளைகள் அதிகம் கனவு காண்பது இதைத்தான். இதில் பொது அறிவு ஒரு பகுதி மட்டுமே. கணக்கும் தர்க்கமும் கலந்த சிக்கல் தீர்க்கும் பகுதி உண்டு, ஆங்கிலம் உண்டு, கட்டுரை உண்டு. எழுத்துத் தேர்வைத் தாண்டினால் குழுவாக உட்கார்ந்து விவாதிக்கவும், கூட்டத்தின் முன் நின்று பேசவும் வைத்துப் பார்க்கும் மதிப்பீட்டு முகாம், அதன் பிறகு நேர்முகம். பொது அறிவுப் பகுதியிலும் அரசியலமைப்புச் சட்டம், அரசாங்கத்தின் அமைப்பு, வரலாறு, பொருளாதாரக் கொள்கை, அண்டை நாடுகளோடு உறவு என்று பரப்பு விரிந்து கிடக்கிறது. நேற்றைய செய்தி அதில் ஒரு துளி.

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. ஒற்றை வரிப் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும், தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் இந்த வரி ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் தாங்காது. அந்த நாடு 2011இலேயே விண்ணப்பித்திருந்தும் ஏன் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது, எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற ஆசியான் வழக்கத்தால் நன்மை என்ன, இடைஞ்சல் என்ன என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளைதான் கட்டுரையில் தேறும். பட்டியல் இதைக் கற்றுத் தராது.

அடுத்து, "கடைசி ஆறு மாதச் செய்தியைப் பார்த்தால் போதும், பழசு எதற்கு?" என்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாதம் இது. காரணம், அவர்கள் பழசு என்று தள்ளுவது நம் வாசலில் நடந்தது.

2022 அக்டோபர் 5 அன்று நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பார்ப்போம். அரசியலமைப்பில் 49ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார். கட்சியே அவரை நீக்கினால் இழக்க மாட்டார். பிள்ளைகள் இதை இரண்டு வரியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் இப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். உறுப்பினர்கள் அணி மாறி அரசாங்கமே கவிழ்ந்த 2020இன் ஷெரட்டன் கதையைச் சிலர் சொல்வார்கள். அதற்கும் பதினோரு ஆண்டுக்கு முன்னால், சிலிபினிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

2008 மார்ச் தேர்தலில் பேராக்கின் 59 சட்டமன்ற இடங்களில் பக்காத்தான் கூட்டணிக்கு 31, பாரிசான் கூட்டணிக்கு 28. 2009 பிப்ரவரியில் பக்காத்தானிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் ஜெலாப்பாங் சட்டமன்ற உறுப்பினர். மாநில அரசாங்கத்தை நடத்திய பக்காத்தான் மந்திரி புசார் நிசார் ஜமாலுடின் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார், சுல்தான் அஸ்லான் ஷா இணங்கவில்லை. பிப்ரவரி 6 அன்று பாரிசானின் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி புசாராகப் பதவியேற்றார். சபாநாயகராக இருந்தவர் வி. சிவகுமார், நம் இனத்தவர். மார்ச் 3 அன்று மண்டபத்தின் கதவு அடைபட்டிருக்க, அவர் வெளியே ஒரு மரத்தடியில் கூட்டத்தை நடத்தினார். மே 7 அன்று அவரை நாற்காலியிலிருந்து அவைக்கு வெளியே இழுத்துச் சென்றார்கள். பாரிசான் தரப்பின் ஆர். கணேசன் அந்த இடத்தில் அமர்ந்தார். 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஸம்ரியே முறையான மந்திரி புசார் என்று தீர்ப்பளித்தது.

இந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். மந்திரி புசாருக்குப் பெரும்பான்மை போய்விட்டதா என்பதை அவையில் வாக்கெடுத்துத்தான் காட்ட வேண்டுமா, வேறு வழியிலும் தெரிந்துகொள்ளலாமா? சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டால் கலைத்தே ஆகவேண்டுமா, அது சுல்தானின் விருப்புரிமையா? சபாநாயகரின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அவைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே எல்லை எது? பேராக் மாநிலச் சட்ட அமைப்பின் 16ஆவது பிரிவைத் திறந்து, அதன் ஆறாம் உட்பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பதில் பாதி அந்த ஒரு மாலையில் விளங்கிவிடும். பிறகு 49ஏ தானாகவே மனத்தில் உட்காரும். எந்த ஆறு மாதப் பட்டியலிலும் இது வராது. ஜெலாப்பாங்கில் வளரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரியாமல், எந்த நாட்டில் எந்த விளையாட்டுப் போட்டி நடந்தது என்பது மட்டும் தெரிந்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

"எவ்வளவு அதிகம் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது" என்பது இன்னொன்று. நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். வாரத்துக்கு இரண்டு செய்தி போதும், ஆனால் அவற்றைக் கிழங்கு தோண்டுவது போல வேர்வரை தோண்ட வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். இதுதான் பட்டியலில் வரும் வரி. ஒரு பெண்பிள்ளை இதை நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தது. அடியில் ஐந்து கேள்வி எழுதச் சொன்னேன். முதலில் அதற்குக் கேள்வியே தோன்றவில்லை. பிறகு எழுதியது: முன்பு எவ்வளவு? 2022 மே முதல் 1,500. முதன்முதலில் எப்போது வந்தது? 2013இல், தீபகற்பத்துக்கு 900, சபா சரவாக்குக்கு 800. எந்தச் சட்டப்படி? 2011ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம். யாருக்கு இது கிடையாது? வீட்டுப் பணியாளர்களுக்கு. எல்லாருக்கும் ஒரே நாளில் வந்ததா? இல்லை, ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் வரை தவணை இருந்தது.

ஆறாவது கேள்வி அதுவாகவே கேட்டது. "எங்க பாட்டி தோட்டத்துல பால் மரம் வெட்டுனப்ப மழ பேஞ்சா சம்பளம் கெடயாதாமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா?" ஒன்றுதான். நாள் கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு மழைக்காலம் என்றால் அடுப்பு எரியாத காலம். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிற்சங்கம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது. ரப்பர் விலை, செம்பனைக்கு மாறிய தோட்டங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு, தோட்டத்தை விட்டு ஈப்போவின் ஓரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் என்று எல்லாம் அந்த 1,700க்குப் பின்னால் நிற்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையிடம் நேர்முகத்தில் "குறைந்தபட்சச் சம்பளம் பற்றி உங்கள் கருத்து?" என்று கேட்டால் அது தடுமாறாது. சொந்த வீட்டுக் கதை அது. 1,700 என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கும்.

தமிழ்நாட்டு யூடியூப் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அழகாக நடத்துகிறார்கள், இலவசம், அதனால் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி.யின் தேர்வுக்கான வகுப்பு. அங்கே குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ் மொழிக்கே உரியவை. இங்கே தமிழில் ஒரு கேள்வியும் வராது. ஆளுநரின் அதிகாரம், ஊராட்சி ஒன்றியம், மாநிலங்களவை என்று மணிக்கணக்கில் கேட்டுவிட்டு, பேராக்கில் சுல்தானும் பினாங்கில் ஆளுநரும் ஏன் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தால் என்ன பயன்? தமிழ் கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டின் தேர்வுக்குப் படிக்க முடியாது.

இதிலிருந்து வருவதுதான் கொஞ்சம் கசப்பான அடுத்த விஷயம். "நம்ம தமிழ்ப் பேப்பரைப் படித்தாலே போதும்" என்று சொல்கிறவர்கள் தமிழ்மேல் உள்ள பற்றினால் சொல்கிறார்கள். எனக்கும் அந்தப் பற்று உண்டு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனபோது எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் போனது போலத்தான் இருந்தது. தமிழ்ப் பத்திரிகையைப் பிள்ளை படிக்கத்தான் வேண்டும். நம் சமூகத்துக்கு என்ன நடக்கிறது என்பது வேறு எங்கும் அப்படி வராது. ஆனால் தேர்வில் எழுதுவது மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும். ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் இல்லையென்றால் அரசாங்க வேலையின் பெரும்பாலான கதவுகள் அங்கேயே சாத்திக்கொள்ளும். சாதாரணமாகப் பாஸானவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம் என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. செய்தியைத் தமிழில் புரிந்துகொண்ட பிறகு அதே செய்தியை ஒரு மலாய் நாளிதழிலும் படித்து, பத்து வரி மலாயில் சொந்தமாக எழுதட்டும். நாற்பது வரி மனப்பாடத்துக்குப் போகும் அதே நேரம்தான் இதற்கும் ஆகும்.

இவ்வளவும் சொன்னால் சிலர் உடனே மறுகரைக்குத் தாவுகிறார்கள்: "அப்படியானால் செய்தியே வேண்டாமா?" வேண்டும். செய்தி தெரியாதவர் மதிப்பீட்டு முகாமின் குழு விவாதத்தில் வாயைத் திறக்க முடியாது. அரசாங்க அதிகாரி செய்தி படிப்பது தேர்வோடு முடிவதும் இல்லை, அது அவருடைய வேலையிலேயே ஒரு பங்கு. நான் மறுப்பது மனப்பாடத்தை.

இந்த அறிவுரைக்கு அடியில் வேறொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. "நம் பிள்ளைகள் நாட்டு நடப்பு படிப்பதில்லை, அதனால்தான் அரசாங்கச் சேவையில் நாம் இல்லை" என்பது. மேடைகளில் நம் தலைவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை என்னால் ஏற்கவே முடியாது.

ரயில்வே, பொதுப்பணி (ஜே.கே.ஆர்.), தபால், தொலைபேசி என்று ஒரு காலத்தில் நம்மவர்களும் யாழ்ப்பாணத் தமிழர்களும் இலாகா இலாகாவாக வேலை செய்தார்கள். அப்போது எந்தப் பிள்ளையும் ஒற்றை வரிப் பட்டியலை மனப்பாடம் செய்யவில்லை. உயர் நிர்வாகப் பதவியின் கதையோ வேறு. 1905இல் நம் பேராக்கின் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி தொடங்கியது. 1910இல் மலாய்க்காரர்களுக்கென நிர்வாகச் சேவை ஒன்றை ஆங்கிலேயர் ஏற்படுத்தினார்கள். மலாயா சிவில் சேவையின் கதவு மற்ற இனத்தவருக்கு 1950களின் தொடக்கத்தில்தான் திறந்தது, அதுவும் நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற கணக்கில். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு பொதுச் சேவையில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான அளவு இடங்களை ஒதுக்க வழி செய்தது. 136ஆவது பிரிவு, ஒரே நிலையில் பணிபுரிவோரை இன வேறுபாடின்றி ஒன்றுபோல நடத்த வேண்டும் என்கிறது. ஒன்று உள்ளே நுழைவதைப் பற்றியது, மற்றது நுழைந்த பிறகு நடப்பதைப் பற்றியது. இன்றைக்கும் பொதுச் சேவையில் நம்மவர் பங்கு மக்கள்தொகையில் நம் பங்கைவிடக் குறைவு. இத்தனை வரலாற்றையும் ஒதுக்கிவிட்டு, காலையில் செய்தி படிக்காத பிள்ளையின் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொல்வது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

இதற்கு எதிர்முனையில் "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று விண்ணப்பமே போடாமல் இருப்பதும் சரியில்லை. எஸ்.பி.ஏ.வில் ஒருமுறை பதிந்துவிட்டு, அது காலாவதியானது தெரியாமல் அழைப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். வாட்ஸ்அப் குழு நடத்தும் அன்பர்கள் நாற்பது செய்திக்குப் பதிலாகப் பதிவைப் புதுப்பிக்கும் நாளையும், எந்தப் பதவிக்கு இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறது என்பதையும் அனுப்பினால் பெரிய உதவி.

எஸ்.பி.ஏ. ஆணையத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அரசியலமைப்பின் 146ஆவது பிரிவின்படி ஆணையங்கள் ஆண்டுதோறும் தங்கள் நடவடிக்கை பற்றி மாமன்னரிடம் அறிக்கை தர வேண்டும், அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். பிள்ளைகள் படிக்கவில்லை என்று மேடையில் பேசும் நம் பிரதிநிதிகள் அந்த அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மக்களவையில் எழுந்து நிற்கட்டும். விண்ணப்பித்த இந்தியர் எத்தனை பேர், எழுத்துத் தேர்வில் தேறியவர் எத்தனை பேர், முகாமுக்குப் போனவர் எத்தனை பேர், நேர்முகத்தில் நின்றுபோனவர் எத்தனை பேர் என்று படிப்படியாகக் கணக்குக் கேட்கட்டும். நம் பிள்ளைகள் எந்தப் படியில் விழுகிறார்கள் என்று தெரிந்தால்தான் சிலிபினில் மாலை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியும்.