விவசாயப் பாடங்களைப் பல உருவில் அமைத்தல்

விவசாய விஷயங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பதில் முற்காலத்தில் இருந்த கஷ்டம், விஷயம் கிராமத்திற்கு வந்து சேராததே. இக்காலத்தில் அக்கஷ்டம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. தாம்பரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 10 மைல் தூரத்திலுள்ள சைதாப்பேட்டையில் 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட விவசாயப் பள்ளி, 1906ஆம் வருஷத்தில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஆயிற்று. அப்பல்கலைக்கழகம் தன் இணையத் தளத்தில் பயிர்தோறும் உள்ள சாகுபடி முறைகளைத் தமிழிலேயே வெளியிட்டிருக்கிறது. அரசாங்கத்தாரின் உழவன் செயலி 2018 முதல் நடைபெற்று வருகிறது. வண்டலூருக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவையன்றி, யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் சலனப் படங்களுக்குக் கணக்கில்லை. ஆகவே, பாடங்கள் போதவில்லை என்று குறை கூறுவதற்கில்லை. வந்து சேர்ந்த பாடம் வயலில் இறங்கி வேலை செய்பவரின் கைக்கு எட்டும் உருவில் இருக்கிறதா என்பதே இப்பொழுது ஆராயத்தக்கது.

இக்கேள்வி தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு விசேஷமாகப் பொருந்தும். முடிச்சூர், மண்ணிவாக்கம் முதலிய இடங்களில் நஞ்சை நிலங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கங்களில் ஏரிப்பாசன நெல் இன்னும் விளைகிறது. ஆயினும் நிலச் சொந்தக்காரர்களில் பலர் பட்டணத்து உத்தியோகத்திற்கோ தொழிற்சாலைக்கோ சென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வயலைப் பார்ப்பவர்களாயிருக்கின்றனர். விதை நேர்த்தி செய்வோரும், நாற்று நடுவோரும், மருந்து தெளிப்போரும் வேறு மனிதர். பாடம் வருவது ஒருவர் கைபேசிக்கு. வேலை நடப்பதோ மற்றொருவர் கையால். முதல்வர் படித்ததைச் சுருக்கி வாய்ச்சொல்லாகச் சொல்ல, இரண்டாமவர் காதில் விழுந்த அளவைக் கொண்டு செய்கிறார். இவ்விடைவெளியில் அளவும் எச்சரிக்கையுமே முதலில் கெட்டுப்போகின்றன. ஆகையால் இணையவழிப் பாடம் எதுவாயினும், எழுத்து, குரல், படம், சலனப் படம் ஆகிய நான்கு உருவிலும் அமைய வேண்டும் என்பதும், எந்த உருவில் எதைச் சொல்வது என்பதை விஷயத்தின் தன்மையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

உப்புநீர்ப் பரீக்ஷை

நெல் விதையில் பதரையும் அரைகுறை மணியையும் நீக்கும் உப்புநீர்ப் பரீக்ஷையை உதாரணமாகக் கொள்ளலாம். நல்ல தண்ணீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது அடியில் அமிழ்ந்து கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, முட்டை மேலெழும்பி, அதன் மேற்புறம் 25 பைசா நாணயத்தளவு நீருக்கு மேல் தெரியும். அப்பொழுது கரைசல் பக்குவமாயிற்று என்று பொருள். அதில் விதையைக் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, அமிழ்ந்தவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உப்பு நீங்கக் கழுவிய பின்னரே ஊறவைக்க வேண்டும். தராசும் படிப்பும் இல்லாதவரும் செய்யத்தக்க எளிய முறை இது.

இப்பாடத்தை எழுத்தில் மட்டும் கொடுத்தால் என்ன நேரும்? 25 பைசா நாணயம் 2011ஆம் வருஷத்தோடு செலாவணியிலிருந்து நீங்கிவிட்டது. இருபது வயதுள்ள இளைஞர் அதைக் கண்டதேயில்லை. ஆகவே முட்டை எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஒரு படமே தெளிவாகக் காட்டும். சலனப் படம் மட்டும் கொடுத்தாலோ வேறொரு கேடு உண்டு. பதர் மிதப்பதும் அதை வடிகட்டுவதும் கண்ணுக்கு அழகாயிருப்பதால், ஒரு நிமிஷப் படம் அவ்விடத்திலேயே முடிந்துவிடும். கழுவுதல் என்னும் கடைசி வேலை விட்டுப்போகும். உப்புப் படிந்த விதை முளைப்பில் பழுதுபடும். பழி முறையின் மேல் வரும். ஒரு முறை கெட்ட பெயர் எடுத்த முறையைக் குடியானவர் மறுபடியும் கையாளுவது அரிது.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. அளவு, வேலையின் வரிசை, எச்சரிக்கை ஆகிய மூன்றும் நான்கு உருவங்களில் ஒவ்வொன்றிலும் முழுமையாக இருத்தல் வேண்டும். படத்தைப் பார்த்தவர் பிரசுரத்தையும் படித்திருப்பார் என்று பாடம் அமைப்போர் எண்ணிக்கொள்வது பிசகு. மற்ற விவரங்களை அந்தந்த உருவிற்கு ஏற்றபடி கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

எதற்கு எந்த உருவம்

அளவுக்கு எழுத்தே சிறந்தது. பத்து நிமிஷப் படத்தில் ஏழாவது நிமிஷத்தில் சொல்லப்பட்ட மருந்தின் அளவை, சேற்றுக்கையுடன் வரப்பில் நிற்பவர் தேடி எடுக்க இயலாது. அளவு எழுதும்போதும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பிரசுரங்கள் பலவும் ஹெக்டேர் கணக்கில் எழுதப்படுகின்றன. குடியானவர் எண்ணுவது ஏக்கரிலும் சென்டிலும். செங்கற்பட்டுப் பக்கத்து முதியோர் 1.32 ஏக்கர் கொண்ட காணிக் கணக்கையும் அறிவர். ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்குரிய மருந்தை ஏக்கருக்கு இட்டுவிட்டால் அளவு இரண்டரை மடங்காகிவிடுகிறது. பணமும் போய்ப் பயிரும் கருகுவதற்கு இந்த ஒரு தவறே போதும். தெளிப்பான் ஒரு தொட்டிக்கு எவ்வளவு மருந்து, ஏக்கருக்கு எத்தனை தொட்டி என்றே எழுதுதல் நலம்.

அடையாளம் காண்பதற்குப் படம் வேண்டும். ஆனால் எந்தப் படம் என்பதில் கவனம் தேவை. புகையான் கண்ட வயலை மேலிருந்து எடுத்த படத்தில், வட்டவட்டமாகக் காய்ந்த பயிரே தெரியும். அந்த நிலையை அடைந்த பின் அறிவதால் அவ்விடத்துப் பயிருக்குப் பயன் குறைவு. புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கூடியிருந்து சாற்றை உறிஞ்சும். ஆகையால் குனிந்து தூரை விலக்கிப் பார்க்கும் செய்கையைச் சலனப் படமாகவும், பூச்சி அமர்ந்திருக்கும் தோற்றத்தைக் கிட்டிய படமாகவும் காட்டினாலன்றிப் பாடம் நிறைவேறாது.

கைபேசியால் இயலாதவையும் உண்டு. நெற்பயிருக்குத் தழைச்சத்து தேவையா என்றறிய உதவும் இலை வண்ண அட்டையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். இலையை அட்டையின் பச்சை நிறங்களோடு, உடலின் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். அட்டையின் படத்தைக் கைபேசித் திரையில் கண்டு ஒப்பிடுவது கூடாது. திரையின் வெளிச்சம் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாயிருப்பதால் நிறம் மாறிவிடும். ஒப்பிடும் விதத்தைப் படத்தில் கற்பிக்கலாம்; அட்டையை மாத்திரம் கையில் கொடுத்தே தீரவேண்டும்.

குரலின் பயன் வேறு. கை வேலையாயிருக்கும்போதும் காது சும்மாயிருக்கும். எழுத்தறியாதவரும் கண்பார்வை மங்கிய முதியோரும் அதனால் பயனடைவர். காது கேளாதவருக்கும், பம்ப்செட்டின் இரைச்சலுக்கிடையே படம் பார்ப்பவருக்கும், படத்தின் கீழ் ஓடும் எழுத்து உதவும். ஊனமுற்றோர்க்கென மத்திய அரசாங்கத்தார் 2005இல் நிறுவிய தேசிய நிலையமொன்று முட்டுக்காட்டில் நடைபெறுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒலியிலும் அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வரும் விஷயங்கள் அவர்கள் அணுகத்தக்க உருவில் இருக்க வேண்டுமென்று விதிக்கிறது. விவசாயப் பாடங்கள் அவ்விதிக்கு விலக்காகா.

இவ்விடத்தில் ஒரு தப்பெண்ணத்தை நீக்குவது அவசியம். சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர். அவரவருக்கேற்ற உருவில் கொடுத்தால் போதும் என்று சொல்லப்படுவதுண்டு. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் நால்வர் 2008இல் இக்கொள்கையைப் பரிசீலித்து, அதற்குத் தக்க ஆதாரமில்லை என்று வெளியிட்டனர். பல உருவங்கள் தேவைப்படுவதற்குக் காரணம், விஷயத்தின் பகுதிகள் வேறுவேறாயிருப்பதும், வேலை செய்யும் இடமும் நேரமும் வேறுவேறாயிருப்பதுமே. அவ்வாறே, திரையில் நெடிய வாக்கியங்களை நிரப்பி, அவற்றையே எழுத்துக்கு எழுத்து குரலில் வாசிப்பதும் பல உருவப் பாடமாகாது. படத்திற்கு விளக்கமாகக் குரல் செல்லும்போது மனத்தில் பதிவதுபோல், ஒரே வாக்கியத்தைக் கண்ணும் காதும் ஒருங்கே பின்தொடரும்போது பதிவதில்லை என்பது கல்வி ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. கேளாதோர்க்கு வேண்டிய எழுத்தை வேண்டும்போது மட்டும் தோன்றும்படி வைக்கலாம்.

முன் அனுபவங்கள்

இக்கருத்து முற்றிலும் புதிதன்று. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சை ஜில்லாவில் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றிச் செய்த பிரசாரத்தின் காரணமாக ஜனங்கள் அதை ரேடியோ நெல் என்றே வழங்கினர். 1998இல் புதுச்சேரி கிராமங்களில், தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடங்கிய அறிவு மையங்களில், கடலலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்குத் தமிழில் அறிவித்தனர். கணினியில் இலக்கமாக வந்தது கரையில் குரலாக மாறியமையால்தான் வலை கட்டும் கைகளுக்கு அது பயன்பட்டது. தேனி ஜில்லாவில், காமன்வெல்த் கல்விக் கழகத்தின் வாழ்நாள் கல்வித் திட்டத்தில் சேர்ந்த பெண்கள், ஆடு வளர்ப்புப் பாடங்களை அவ்வூர்ப் பேச்சிலேயே கைபேசிக் குரற்செய்தியாகக் கேட்டுப் பயின்றனர்.

2006இல் பெங்களூரில் ஆராய்ச்சியாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் முறையும் கவனிக்கத்தக்கது. அவ்வூர்க் குடியானவர்களையே நடிக்கச் செய்து படமெடுத்து, அதை ஊராரைக் கூட்டிக் காட்டி, இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவரை அருகில் வைத்தனர். 13 மாத காலப் பரிசோதனையில், வழக்கமான விஸ்தரிப்பு முறையைவிடச் சில புதிய முறைகளை ஏற்றுக்கொண்டோர் தொகை ஏழு மடங்காயிற்று என்று அதை நடத்தியோர் தெரிவித்தனர். படத்தின் அருகே ஒரு மனிதர் நின்றார் என்பதை இதில் மறக்கலாகாது.

ஆக்ஷேபணைகள்

நான்கு உருவில் பாடம் அமைக்க நான்கு மடங்கு செலவாகும் என்று ஆக்ஷேபிக்கலாம். முதலில் செய்யவேண்டிய வேலையை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால், அதுவே பிரசுரமாகவும், குரற்பாடத்திற்கு மூலமாகவும், படமெடுப்பதற்கு அட்டவணையாகவும் அமையும். செலவு ஓரளவு கூடுவது உண்மையே. ஆனால் அரைகுறைப் பாடத்தால் ஒரு கிராமத்து நாற்றங்கால் வீணாவதை அதோடு ஒப்பிட வேண்டும். எல்லோரிடமும் கைபேசி வந்துவிட்டபடியால் சலனப் படமே போதும் என்பாரும் உளர். நடவாட்களின் கையில் உள்ள கருவி எது, அதில் அன்று தரவு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தால் அக்கூற்றின் குறை விளங்கும்.

ஊரும் பருவமும் மற்றொரு விஷயம். தஞ்சைக் குறுவைக்கென அமைந்த பாடம், சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகங்களை வழங்கும் செங்கற்பட்டு ஜில்லாவிற்கு அப்படியே பொருந்தாது. எந்த ஜில்லா, எந்த ரகம், எந்தப் போகம், எந்த வருஷம் என்ற நான்கும் பாடத்தின் தலைப்பிலேயே காணப்பட வேண்டும். தேதியில்லாத படம் வருஷக்கணக்காக ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும். பின்னர் தடை செய்யப்பட்ட மருந்தின் பெயரும் அதோடு செல்லும்.

செய்யத்தக்கவை

பாடம் அமைப்போர், வெளியிடுமுன் அம்முறையை அறியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, வேறு உதவியின்றிச் செய்யச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். அவர் தடுமாறும் இடமே பாடத்தில் திருத்தவேண்டிய இடம்.

கிராம உத்தியோகஸ்தர்கள், போகம் தொடங்குமுன் அவ்வூருக்குரிய பாடத்தின் அளவுப் பகுதியைப் பெரிய எழுத்தில் ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டச் செய்யலாம். கிராம சபை கூடும் நாளில் சலனப் படத்தைக் காட்டி, உதவி வேளாண்மை அலுவலரைக் கேள்விகளுக்கு விடைகூற அழைக்கலாம். இவற்றால் பெருஞ்செலவு ஏதும் நேராது.

நிலமுடையோரின் கடமையே யாவற்றிலும் முக்கியமானது. தம் கைபேசிக்கு வந்த பாடத்தைத் தாமே சுருக்கிச் சொல்லாமல், வேலை செய்வோர்க்கு அதைக் காட்டியும் கேட்கச் செய்தும், அளவை ஒரு சீட்டில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டியும் வைக்க வேண்டும். பெண்களே விதை நேர்த்தியும் நடவும் களையெடுப்பும் செய்யுமிடங்களில் அவர்களைக் கூட்டத்திற்கு அழையாமல் விடுவது, பாடத்தைப் பாதியில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். வேலையை முடித்தவர் அதன் வரிசையையும் எச்சரிக்கையையும் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லும்படி கேட்டறிவது நன்று. அவ்வாறு அவர் பிழையின்றிச் சொல்வாராயின், பாடம் உரிய இடத்தை அடைந்தது என்று கொள்ளலாம்.