பிளக் சொல்லும் சாட்சி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் மோட்டார் கார் ஒன்று, காரைதீவைக் கடக்குமுன்பே இழுவை குன்றி, விக்கல் எடுத்தாற்போல் குலுங்குகிறதென வைத்துக்கொள்வோம். “பிளக் போய்விட்டது, புதிது வாங்கிப் பூட்டுங்கள்” என்பதே உடனிருப்போர் கூறும் யோசனை. பிளக் கெட்டிருத்தல் கூடும். எனினும், அது எதனாற் கெட்டது என்று அறியாமற் புதியதைப் பூட்டினால், அதுவும் விரைவில் அக்கதியையே அடையும்.

பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை மின்பொறியாற் பற்றவைப்பதே பிளக்கின் தொழில். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் நான்கடிப்பு எஞ்சினில், ஒவ்வொரு பிளக்கும் செக்கனுக்கு 25 முறை பொறி எழுப்புதல் வேண்டும். டீசல் எஞ்சினுக்கு இது தேவையில்லை என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

எஞ்சின் நன்கு ஆறிய பின், பிளக்கைச் சுற்றியுள்ள மணலையும் தூசியையும் அகற்றிவிட்டுக் கழற்றுக. எது எந்தச் சிலிண்டருக்குரியது என்பது மாறாதவாறு வரிசையாக வைத்து, முனைகளை நோக்குக. இளம்பழுப்பு நிறமாயின் யாவும் நலமே. உலர்ந்த கரி படிந்திருப்பின், பெற்றோல் மிகுதியாக வருகின்றது. அல்லது காற்று வடி அடைபட்டிருக்கின்றது. எண்ணெய்ப் பசை காணின், பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருத்தல் கூடும். வெண்மையாக வெளிறிக் கொப்புளித்திருப்பின், அளவுக்கு மீறிய வெப்பம் தாக்கியிருக்கின்றது. பீங்கானில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும். அத்தகைய பிளக்கைத் துடைத்துப் பயனில்லை; மாற்றவே வேண்டும்.

ஐயம் தீராவிடின் எளிய சோதனை ஒன்றுண்டு. ஐயத்துக்குரிய பிளக்கை வேறொரு சிலிண்டரிற் பூட்டுக. கோளாறும் அதனுடன் இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது. பழைய சிலிண்டரிலேயே நின்றால் மின்கம்பி, சுருள் முதலியவற்றைச் சோதிக்க வேண்டும்.

இது சிறு விடயமன்று. பொறி தவறும் ஒவ்வொரு முறையும் எரியாத பெற்றோல் வீணே வெளியேறுகின்றது. புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியையும் அது கெடுக்கின்றது. 2022 யூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது, முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரே கிடைத்தது. அந்நாளில் அதைக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் ஒவ்வொரு துளியின் அருமையையும் அறிவார்கள்.

ஆகவே, கழற்றிய பிளக்கை உடனே வீசிவிடாதீர்கள். எஞ்சினின் உள்ளே நடப்பதை நேரிற் கண்ட சாட்சி அது. முதலில் அதன் வாக்குமூலத்தைக் கேளுங்கள். பின்னர்க் கடைக்குச் செல்லலாம்.