கிப்லா காட்டிய செயலி, வீட்டையும் காட்டிக்கொடுத்தது

“ஏழையின் செல்பேசியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? நாங்கள் மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லையே!” கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் ஆரம்பாக்கத்துச் சகோதரர்களிடம் உளவு மென்பொருள் பற்றிப் பேசினால் இந்தப் பதில்தான் வருகிறது. இதைச் சிலர் எளிமை என்று எண்ணுகிறார்கள். இது எளிமையன்று, அலட்சியம்.

2022 மார்ச் மாதம் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து சில செயலிகளை நீக்கியது. அவற்றுள் ஒன்று, ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட ‘அல் முஅஸ்ஸின் லைட்’ என்னும் தொழுகை நேரச் செயலி. மற்றொன்று, ரமளானுக்கென வெளியான கிப்லா திசைகாட்டி. பனாமாவில் பதிவு செய்யப்பட்ட ‘மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ்’ என்ற நிறுவனத்தின் நிரல் அவற்றுக்குள் ஒளிந்திருந்ததை செர்ஜ் ஏகல்மன், ஜோயல் ரியர்டன் ஆகிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முன்னது பயனரின் தொலைபேசி எண்ணை எடுத்தது. பின்னது அவர் இருக்கும் இடத்தையே எடுத்தது. நிரலை அகற்றிய பிறகே மீண்டும் வெளியிட அனுமதி என்றது கூகுள்.

பிறர் வீட்டில் நுழைய அனுமதியும் ஸலாமும் வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. நாமோ, படித்துப் பார்க்காமலே ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தி, முகம் தெரியாதவனை வீட்டுக்குள் விடுகிறோம். தொழுகை நேரத்தைக் கணிக்க ஊரின் பெயர் போதும். தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் எதற்கு?

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், வாகன அபராதச் சீட்டு என்றும் வரும் ‘ஏபிகே’ கோப்புகள் இதைவிடக் கொடியவை. அழைப்பிதழ் படமாக வரும், செயலியாக வராது. அதைத் திறந்து நிறுவினால், வங்கி அனுப்பும் ஓடிபி திருடன் கைக்குப் போகும். மாதச் சம்பளமும் உடன் போகும்.

காரணமின்றிப் பேட்டரி தீர்கிறதா? சும்மா இருக்கும்போதே செல்பேசி சூடாகிறதா? டேட்டா வழக்கத்தைவிட விரைவில் முடிகிறதா? இவை ஐயத்துக்கான அறிகுறிகள்; உறுதியான சான்றுகள் அல்ல. எனவே அமைப்புகளில் செயலிகளின் முழுப் பட்டியலையும் பாருங்கள். முகப்பில் தெரியாமல் ஒளிந்திருப்பவை அங்கே தென்படலாம். ‘அணுகல்தன்மை’, ‘சாதன நிர்வாகி’ ஆகிய அனுமதிகள் யாரிடம் உள்ளன என்று பாருங்கள். அறியாத செயலி இருந்தால் அனுமதியைப் பறித்து நீக்குங்கள். பிளே புரொடெக்ட் சோதனையையும் ஓடவிடுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

மறைக்க எதுவும் இல்லை என்போரே, உங்கள் செல்பேசியில் இருப்பது உங்களுடையது மட்டுமா? சகோதரியின் புகைப்படம், அண்டை வீட்டாரின் எண், நண்பர் நம்பிச் சொன்ன கடன் விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தை வாசலில் வீசிவிட்டு, ‘தவக்குல்’ என்று சொல்வது முறையா?

இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு செல்பேசியையும் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.