வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் என்ன பங்குதாரர்?

ஊர்மக்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டு, பொறுப்போடு தோண்டினால் சுரங்கத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றொரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. "பொறுப்பான சுரங்கம்" என்ற பெயரில் நடக்கும் தொழில் மாநாடுகள் இதன் மேல்தான் நிற்கின்றன. பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், தையல் பயிற்சி என்று திரையில் படங்கள் ஓடுகின்றன. போய்வந்தவர்கள் மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. பாதிக்கப்படுகிறவரின் வாயை அடைக்கப் பயன்படுவதால் ஆபத்தானதும்கூட.

கோவையின் கணபதிப் பகுதிக்காரர்களுக்குக் கூட்டுத் தொழிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பவுண்டரியோ லேத் பட்டறையோ, அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் கூட்டுச் சேர்ந்து தொடங்குவது இங்கே சகஜம். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அவர்களுக்குத் தெளிவாக இரண்டு உரிமைகளைத் தருகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, எல்லாக் கூட்டாளிகளும் சம்மதிக்காமல் தொழிலின் தன்மையை மாற்ற முடியாது. கணக்குப் புத்தகங்களை எந்தக் கூட்டாளியும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். சோளமும் கடலையும் விளைந்த ஊரைக் கல்குவாரி ஊராக்குவதைவிடப் பெரிய தொழில் மாற்றம் எது? அதற்குச் சம்மதம் கேட்கப்படாதவரையும், வெட்டியெடுத்த கனிமத்தின் கணக்கைப் பார்க்க முடியாதவரையும் பங்குதாரர் என்று மேடையில் அழைப்பது பொய்.

தடாகம் பள்ளத்தாக்கை நம் கண்முன்னால்தான் தோண்டினார்கள். சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையனூர், பன்னிமடை என்று மலையடிவாரம் முழுக்கச் செம்மண் வெட்டி, செங்கல் அறுத்து, கோவையைக் கட்டினோம். கணபதியின் வீடுகளிலும் அந்த மண் இருக்கும். உரிய அனுமதியின்றி இயங்கிய 186 சூளைகள் 2021இல் மூடப்பட்டபோது, ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டிய குழிகளும், சிதைந்த நீரோடைகளும், யானைகள் வழிமாறிய ஊர்களும் மிச்சமிருந்தன. அந்தப் பக்கத்து மழைநீரைக் கொண்டுவரும் சங்கனூர்ப் பள்ளம் நம் நகரத்துக்குள்தான் ஓடுகிறது.

தடாகத்தில் உள்ளூர்க்காரருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோட்டத்து மண்ணைத் தாமே விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. சூளை வைத்தவர்களும் வேலை பார்த்தவர்களும் உண்டு. மூடியதும் கூலி இல்லாமல் தவித்தார்கள், அந்தத் துயரம் நிஜம். ஆனால் அந்தப் பங்கு பட்டா வைத்திருந்தவரோடும் முதல் போட்டவரோடும் நின்றுவிட்டது. அடுத்த தோட்டத்தில் கிணறு வற்றியவருக்கும், ஓடைத் தண்ணீரை நம்பி ஆடு மாடு வளர்த்தவருக்கும் எந்தக் கூட்டத்திலும் நாற்காலி போடவில்லை. லாபத்தில் ஒரு துண்டைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு ஊரே சம்மதித்துவிட்டது என்று கணக்கெழுதுவதுதான் சமூகக் கூட்டாண்மையின் நடைமுறை.

இதில் உலகப் பெரு நிறுவனங்களும் விலக்கில்லை. சுரங்க, உலோக நிறுவனங்களின் சர்வதேச மன்றமான ஐசிஎம்எம், பழங்குடி மக்களின் முன்சம்மதம் குறித்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்மதம் பெற உறுப்பு நிறுவனங்கள் பாடுபடும் என்றது. கிடைக்காவிட்டால்? அரசு முடிவெடுக்கலாம், அந்தத் திட்டத்தில் தொடர்வதா என்று நிறுவனம் தீர்மானித்துக்கொள்ளலாம். மறுப்பே கடைசி வார்த்தை என்று எழுத மனம் வரவில்லை.

நம் மாநிலத்தில் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அதை உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது. கிராம சபைகளைக் கேட்டு ஏலம் விடவில்லை. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. அவர்கள் வென்றது தெருவில் இறங்கி. அதே 2025 செப்டம்பரில், அணுக் கனிமங்களுக்கும் டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. மாநாட்டு மேடைகளில் கூட்டாண்மை வளர வளர, சட்டத்தில் மக்களின் குரல் சுருங்குகிறது.

கல்லும் மணலும் இரும்பும் இல்லாமல் உங்கள் பட்டறை எப்படி ஓடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோண்டவே கூடாது என்பது என் வாதமல்ல. எங்கே தோண்டக்கூடாது என்று சொல்லும் உரிமை அங்கே வாழ்கிறவருக்கு வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் உச்ச நீதிமன்றம் 2013இல் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அதனால் நாட்டில் அலுமினியத் தொழில் நின்றுவிடவில்லை.

அடுத்த மாநாட்டுக்குக் கோவையிலிருந்து போகிறவர்கள் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுக்கட்டும்: ஏலத்துக்கு முன் கிராம சபையின் சம்மதம், வெட்டிய அளவும் கட்டிய தொகையும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில், செப்டம்பர் விலக்கு ரத்து. இதில் கையெழுத்துப் போட மறுக்கும் நிறுவனத்திடம் மூலப்பொருள் வாங்குவதில்லை என்று கணபதியின் பவுண்டரிக்காரர்கள் முடிவெடுக்கலாம். அந்த உரிமை அவர்களிடம் இன்றைக்கே இருக்கிறது.