சிக்னல் இருக்கு, ஆனா ‘நீங்க பேசுறது கேக்கலை’: ஏன்?

லீவுக்கு ஊருக்குப் போன இடத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் சேர்கிறீர்கள். மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் பேச ஆரம்பித்தால் மட்டும், “உங்க வாய்ஸ் கட் ஆகுது” என்கிறார்கள். போனில் சிக்னல் காட்டுதே, அப்புறம் என்ன பிரச்சினை?

டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் பேசுவதுதான் டவருக்குக் கேட்கவில்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்பும். சாதாரண போனுக்கு அதிகபட்சமே 0.2 வாட்தான். அதையும் முழுசாகப் பயன்படுத்த விடாமல் தடுக்கும் ஒன்றுக்குப் பெயர் பிஏபிஆர். சிக்னலின் உச்ச சக்திக்கும் சராசரி சக்திக்கும் உள்ள விகிதம் அது.

உச்சம் எப்படி வருகிறது?

20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசையில், டவர் டேட்டாவை 1,200 சின்னச் சின்ன அலைகளாகப் பிரித்து அனுப்புகிறது. பெரும்பாலும் ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்து சமன் ஆகிவிடும். எப்போதாவது பல மேடுகள் ஒரே கணத்தில் சேர்ந்துவிட்டால், சக்தி சராசரியைவிடச் சுமார் 10 மடங்கு எகிறும்.

வீட்டில் ஏசி, கிரைண்டர், கீசர், மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும் அந்தச் சில நிமிடத்துக்காகப் பெரிய லோடு வாங்கி வைப்பது போலத்தான் இது. எப்போதோ வரும் உச்சத்துக்கு இடம் விட்டு, மற்ற நேரமெல்லாம் ஆம்ப்ளிஃபையர் தன் திறனுக்குக் கீழேயே ஓட வேண்டும். பேட்டரி வீணாகும், போன் சூடாகும், சிக்னலும் தூரம் போகாது.

வெட்டிவிட்டால் என்ன?

வெட்டலாம். ஆனால் சிக்னல் சிதைந்து, பக்கத்து அலைவரிசைக்குள்ளும் கசியும். சில அலைகளில் டேட்டா அனுப்பாமல், உச்சத்தை அடக்க மட்டும் ஒதுக்கி வைக்கலாம், வேகம் குறையும். ஒரே டேட்டாவைப் பல விதமாக அடுக்கிப் பார்த்து, உச்சம் குறைவானதை அனுப்பலாம். கணக்கு வேலை கூடும். எதுவும் சும்மா கிடைக்காது.

அதனால்தான் 2008-ல் முடிவான 4ஜி விதிமுறையிலேயே சுமை பிரிக்கப்பட்டது. டவர் பல அலை முறையில் அனுப்பும். போன் அனுப்பும்போது, ஒற்றை அலை போல நடந்துகொள்ளும், உச்சம் குறைந்த முறை. தாங்கக்கூடியவர் தலையில் பாரம்! 5ஜியில் போனுக்கு இரண்டு முறையும் உண்டு.

இதில் நம் பங்கும் இருக்கிறது. சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி, சென்னையில் உள்ள செவிட் ஆய்வு மையம் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ‘5ஜிஐ’, 2021-ல் ஐடியுவின் 5ஜி தர ஆவணத்தில் இடம்பெற்றது. டவர்களுக்கு இடையே 6 கி.மீ. தூரம் இருக்கும் கிராமப்புறமே அதன் இலக்கு. உச்சம் மிகக் குறைவாக வரும்படி அலையைச் செதுக்கினால், அதே போன் இன்னும் கூடுதல் சக்தியில் பேசலாம் என்பதே அதன் அடிப்படை. பின்னர் அது உலகளாவிய 5ஜி விதிமுறையோடு இணைக்கப்பட்டது.

இப்போது 6ஜி பேச்சு ஓடுகிறது. விளம்பரங்களில் டவுன்லோட் வேகம் மட்டும்தான் வரும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: டவரிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில், பேட்டரி பாதி தீர்ந்த சாதாரண போனிலிருந்து பேசுபவரின் குரல் போய்ச் சேருமா? அதற்குப் பதில் சொல்லாத வேகம், பாதித் தொடர்புதான்.